கரை சேர்ந்த தாளங்கள் – 9: காவல் வேலையை விட்ட மேளம்

3ஆம் இலங்கைப் படைப்பிரிவின் ஆபிரிக்கச் சிப்பாய்கள் புத்தளத்தைச் சுற்றிக் குடியேறிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். செல்லங்கண்டலில் அவர்களுக்குக் காணி கிடைத்தது. அவர்கள் வழிவந்தவர்களில் கணிசமானோர் இன்று புத்தளம் நகருக்கு அருகே சிரம்பியடியில் வாழ்கிறார்கள். சமயத்தால் கத்தோலிக்கர், வீட்டில் பேசுவது இப்போது சிங்களம். முன்னோர் பேசிய போர்த்துக்கீசக் கிரியோல் அன்றாடப் பேச்சை விட்டுப் போய் நாளாயிற்று. மஞ்சாப் பாட்டுக்குள் மட்டும் அது உயிரோடு நிற்கிறது.

அந்த மஞ்சாவைக் கொஞ்சம் கிட்டப் போய்க் கேட்போம். முதலில் ஒரு குரல். இரண்டு மூன்று வரிதான்; நீளமான பாட்டெல்லாம் இல்லை. அதே வரியை மற்றவர்கள் வாங்கித் திருப்பிப் பாடும்போது றபான் மெல்ல உள்ளே வரும். அதன் மேல் டோலக். ஒருவர் கண்ணாடிப் போத்தலை இடது கையில் பிடித்துக்கொண்டு கரண்டியால் தட்டுவார். இன்னொருவர் கையில் இரண்டு சிரட்டைகள் மோதும். அதே வரி திரும்பத் திரும்ப வர, தாளம் மட்டும் நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும். வேகத்தைக் கூட்டு என்று ஒருவரும் கை காட்டுவதில்லை. றபான் அடிப்பவர் ஒரு தட்டு முன்னால் வைப்பார், போத்தல் அதைப் பிடித்துக்கொள்ளும், ஆடுகிறவரின் இடுப்பும் கையும் அதற்கு இணங்கும். ஆடுபவர் களைத்தாரா, இன்னும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தே மேளம் முடிவெடுக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மட்டக்களப்புப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா நடன இசையில் வயலின் உண்டு, மண்டலின் உண்டு. சிரம்பியடியின் பழைய மஞ்சாவில் சுரவாத்தியமே கிடையாது. குரலும் தாளமும் மட்டும். ஆகவே மேளம் யாருக்கோ துணைபோகிறது என்று சொல்ல வழியில்லை. பாட்டின் சொற்கள் பாடுகிறவர்களுக்கே முழுதாக விளங்காத இந்தக் காலத்திலும் மஞ்சா தளராமல் நிற்பதற்குக் காரணம், அதன் பொருள் பாதிக்கு மேல் மேளத்தில் இருப்பதுதான் என்பது என் எண்ணம்.

இந்த இதழில் நாம் நியூயோர்க்குக்குப் போகிறோம். ஏன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புத்தளத்துக்கு வந்த ஆபிரிக்கர்களின் மூதாதையரில் பலர் மொசாம்பிக்கை ஒட்டிய கிழக்குக் கரையைச் சேர்ந்தவர்கள். அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் மேற்கு ஆபிரிக்காவிலும் மத்திய ஆபிரிக்காவிலும் இருந்து பிடிக்கப்பட்டவர்கள். இரு சாராருக்கும் ஒரே ஊர், ஒரே மேளம் என்று அவசரப்பட்டு உறவு கொண்டாடக் கூடாது. ஆனால் இரண்டு கரையிலும் நடந்தது ஒன்றேதான். சொந்த மேளத்தைக் கொண்டுவர விடவில்லை. வந்த இடத்தில் கைக்குக் கிடைத்ததைத் தட்டி ஒரு இசையை உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் பிறந்த அந்த இசையில் ஒரு மேளக்காரரின் அறுபது வருட வாழ்க்கை, எந்த வருடம் யாரோடு எங்கே வாசித்தார் என்பது உட்பட, எழுத்திலும் இசைத்தட்டிலும் இருக்கிறது. அவர் பெயர் மில்போர்ட் கிரேவ்ஸ். அவர் கதையைத் தெரிந்துகொண்டால்தான் நம் கரையில் எவ்வளவு எழுதப்படாமல் போயிருக்கிறது என்பது உறைக்கும்.

அவருக்கு முன்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றுப் பக்கம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மேளம் அடித்து ஆள் சேர்த்துக்கொண்டு நடந்தார்கள். அடுத்த வருடமே வந்த சட்டம் அடிமைகளிடம் மேளமோ கொம்போ இருக்கக் கூடாது என்றது. மேளத்தைப் பிடுங்கிய இடங்களில் தொடையும் மார்பும் உள்ளங்கையும் மேளமாயின. நியூ ஓர்லியன்ஸில் நிலைமை கொஞ்சம் வேறு. 1817இல் அந்த நகரசபை அடிமைகள் கூடுவதை ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரே ஒரு வெளிக்கும் சுருக்கியது. பின்னாளில் கொங்கோ சதுக்கம் என்று பெயர் பெற்ற வெளி அது. 1819இல் அந்த வழியாகப் போன பெஞ்சமின் லட்ரோப் என்ற கட்டடக் கலைஞர் ஒரு காட்சியைத் தன் நாட்குறிப்பில் எழுதி, படமும் வரைந்து வைத்தார்: உருளை மேளம் ஒன்றின் மேல் ஒரு முதியவர் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து, கையின் விளிம்பாலும் விரல்களாலும் நம்ப முடியாத வேகத்தில் அடிக்கிறார். லட்ரோப்புக்கு அந்த இசை பிடிக்கவில்லை. ஆனாலும் மேளம் எப்படி இருந்தது, எப்படி அடித்தார்கள் என்பதை விடாமல் குறித்தார். பிடிக்காதவர் எழுதிய குறிப்பு கூட இருநூறு வருடம் கழித்து உதவுகிறது.

அதே ஊரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் பிறந்தபோது, அதற்கு ஒரு புது வாத்தியமும் பிறந்தது. இன்று நாம் ட்ரம்ஸ் என்கிறோமே, அதுதான். இராணுவ பாண்டில் ஒருவர் பெரிய மேளமும் இன்னொருவர் சிறிய மேளமும் அடிப்பார்கள். 1909இல் லுட்விக் கொம்பனி நன்றாக வேலை செய்யும் கால்மிதி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தபின், பெரிய மேளத்தைக் காலால் அடித்துக்கொண்டே கையால் மற்றதை அடிக்க முடிந்தது. சீன மேளங்கள், துருக்கிச் சல்லாரி, மரக்கட்டை, மாட்டு மணி எல்லாம் அதோடு சேர்ந்தன. சிரம்பியடியின் றபான், போத்தல், சிரட்டை எப்படி நாலாபக்கமிருந்தும் வந்து கூடினவோ, அதேபோல் இதுவும் கூடிய வாத்தியம்தான்.

ஆனால் இந்த ட்ரம்ஸுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: நேரம் காப்பது. எக்காளமும் சக்சபோனும் பறக்கலாம். கீழே மேளக்காரர் அசையாமல் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். 1940கள் வரும்போது கென்னி கிளார்க் அந்தக் காவல் வேலையைப் பெரிய மேளத்திலிருந்து சல்லாரிக்கு மாற்றினார். காலும் இடது கையும் இடையில் பேச ஆரம்பித்தன. மாக்ஸ் ரோச் மேளத்தில் ராகமே பாடலாம் என்று காட்டினார். ஜோன் கோல்ட்ரேனின் நால்வர் குழுவில் எல்வின் ஜோன்ஸ் ஒரே நேரத்தில் மூன்று நடைகளை ஓட விட்டார். இவ்வளவுக்குப் பிறகும் அடியில் ஒரு ஒழுங்கான தாளம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. நம் மிருதங்க வித்துவானுக்குக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் என்று ஒரு பகுதி கிடைக்கிறது. அதிலும் தாளம் கையை விட்டுப் போகாது. எவ்வளவு கணக்குப் போட்டாலும் சமத்துக்கு வந்து இறங்கியே ஆக வேண்டும். 1960களின் நியூயோர்க்கில் சில மேளக்காரர்கள் இறங்க மறுத்தார்கள். சன்னி மரே முதல் ஆள். மில்போர்ட் கிரேவ்ஸ் அடுத்தவர். என் கணிப்பில் இருவரில் ஆழமாகப் போனவர் கிரேவ்ஸ்தான்.

கிரேவ்ஸ் 1941 ஓகஸ்ட் 20 அன்று நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஜமெய்க்கா என்ற இடத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே வீட்டில் கிடந்த மேளத்தைத் தானாக அடித்துப் பழகினார். பிறகு கொங்கா. அந்தப் பேட்டையில் கியூபா, போர்ட்டோ ரிக்கோ நடன இசைக்கு நல்ல மவுசு; அவர் முதலில் புகழ் பெற்றதும் அதில்தான். டிம்பாலே என்ற இரட்டை மேளம் வாசித்து, சொந்தமாக லத்தீன் நடனக் குழு நடத்தினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சிக் கொரியா அந்தக் குழுவில் பியானோ வாசித்தவர். நடனத்துக்கு வாசித்த இந்தப் பயிற்சியைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. ஆடுகிறவரின் காலைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது. எல்வின் ஜோன்ஸை நேரில் கேட்ட பிறகே ட்ரம்ஸ் பக்கம் திரும்பினார். அப்போது அவருக்கு இருபதைக் கொஞ்சம் தாண்டிய வயது.

1964 அவருக்குப் பெரிய வருடம். அந்த ஒக்டோபரில் எக்காளக் கலைஞர் பில் டிக்ஸன் மன்ஹட்டனில் ஒரு சின்னக் கோப்பிக் கடையில் தொடர்ச்சியாகச் சில இரவுகள் புது இசைக் கச்சேரிகளை நடத்தினார். ஒக்டோபர் புரட்சி என்று ஜாஸ் வரலாறு அதைக் குறிக்கிறது. பெரிய மண்டபங்கள் இடம் தராத கலைஞர்கள் அங்கே கூடினார்கள். நவம்பரில் கிரேவ்ஸ், துரொம்போன் கலைஞர் ரொஸ்வெல் ரட், சக்சபோன் கலைஞர் ஜோன் சிக்காய், பாஸ் கலைஞர் லூயிஸ் வொரல் ஆகியோர் நியூயோர்க் ஆர்ட் குவார்ட்டெட் என்ற பெயரில் ஒலிப்பதிவு செய்தார்கள். கவிஞர் அமிரி பராக்கா அதில் தன் கவிதையை வாசித்தார். அப்போது அவர் பெயர் லீரோய் ஜோன்ஸ். அந்த இசைத்தட்டை இன்று கேட்டாலும் மேளம் எங்கே நிற்கிறது என்று காது தேடும். எண்ணிக்கை இல்லை, ஆனால் ஓட்டம் உண்டு. துரொம்போன் ஒரு சொல் சொன்னால் மேளம் அதற்கு எதிர்ச்சொல் சொல்கிறது. சில இடத்தில் மேளம் பேசி முடிக்கட்டும் என்று மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மேளத்தை அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். ட்ரம்ஸில் சிறிய மேளத்தின் அடித்தோலுக்குக் கீழே கம்பிச் சுருள்கள் இழுத்துக் கட்டியிருக்கும். மேலே அடித்தால் கம்பிகள் அடித்தோலில் மோதிச் சரசரக்கும். இராணுவ அணிவகுப்பின் சத்தம் அது. கிரேவ்ஸ் அந்தக் கம்பிகளை வேண்டாம் என்றார். மற்ற மேளங்களின் அடித்தோலையும் கழற்றினார். அடித்தோல் இல்லாத மேளத்தில் சத்தம் உள்ளே அலையாமல் நேரே கீழிறங்கும். ஒரு கையால் மேல்தோலை அமுக்கி மறு கையால் அடித்தால் சுரம் வளைந்து ஏறும். அவர் முழங்கையையும் அதற்குப் பயன்படுத்தினார். தோலின் நடுவும் விளிம்பும் இடைப்பட்ட இடமும் வேறு வேறு குரல்கள் என்பது அவர் சொல்லித்தந்த முதல் பாடம். மிருதங்கமோ தபேலாவோ கற்றவருக்கு இது புதிதல்ல. உண்மையில் 1965இல் வசந்த சிங் என்ற ஆசிரியரிடம் கிரேவ்ஸ் தபேலா கற்றார். ஒரே தோலில் பல குரல் எடுக்கும் நம் பக்கத்துப் பாடம் அந்த மேளத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. தன் மேளங்களின் உடலில் வண்ணச் சித்திரங்களை அவரே வரைந்தார்.

அதே காலத்தில் அவர் செய்த ஒரு பதிவு இந்தத் தொடருக்கு முக்கியம். சன்னி மோர்கன் என்ற இன்னொரு தாளக் கலைஞரோடு சேர்ந்து, சுரவாத்தியமே இல்லாமல், மேளமும் மணியும் மட்டுமாக ஒரு முழு இசைத்தட்டு. ஈ.எஸ்.பி. என்ற சிறிய கொம்பனி அதை வெளியிட்டது. மேளம் தனியே நின்று ஒரு முழு உரையாடலைத் தாங்கும் என்று ஜாஸ் உலகுக்கு அப்போதுதான் சொல்ல வேண்டியிருந்தது. சிரம்பியடியில் அதை எவருக்கும் சொல்லத் தேவை இருந்ததில்லை.

1966 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தில் பியானோ கலைஞர் டொன் புல்லனோடு அவர் கச்சேரி செய்தார். மேடையில் இரண்டே பேர். அதை வெளியிட யாரையும் கேட்டு நிற்கவில்லை. இருவரும் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி, இரண்டு இசைத்தட்டுகளாக வெளியிட்டார்கள். சில பிரதிகளின் உறைகளுக்குக் கையாலேயே வர்ணம் தீட்டினார்கள். நம் எழுத்தாளர்கள் சொந்தக் காசில் புத்தகம் அடித்துக் கையில் தூக்கிக்கொண்டு போய் விற்பதை அறிந்தவர்களுக்கு இந்த உழைப்பு விளங்கும். நிறுவனத்தின் பெயரிலேயே தற்சார்பு என்ற கொள்கை இருந்தது. கறுப்பினக் கலைஞர் தன் இசையைத் தானே பதிந்து, தானே விற்று, உரிமையைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும் என்பதில் கிரேவ்ஸ் உறுதியாக இருந்தார். அவர் வாழ்க்கை இன்று வருடவாரியாகக் கிடைப்பதற்கு அந்த உறுதி ஒரு பெரிய காரணம்.

1967 ஜூலை 17 அன்று ஜோன் கோல்ட்ரேன் நாற்பது வயதில் இறந்தார். நான்கு நாள் கழித்து நியூயோர்க்கின் புனித பேதுரு லூத்தரன் தேவாலயத்தில் நடந்த இறுதி ஆராதனையில் சக்சபோன் கலைஞர் அல்பர்ட் ஐலரின் குழு வாசித்தது. ஐலரின் சகோதரர் டொனால்ட் எக்காளம், ரிச்சர்ட் டேவிஸ் பாஸ், கிரேவ்ஸ் மேளம். சாவு வீட்டில் மேளம் வாசிப்பதன் கனம் நம் மக்களுக்குத் தெரியும். அந்த ஆராதனையின் ஒலிப்பதிவு பிற்காலத்தில் வெளிவந்தது. தேவாலயத்தின் எதிரொலியில் எல்லாம் கலங்கித்தான் கேட்கிறது. அதற்குள்ளும் மேளத்தின் உருளல் நிற்காமல் வருகிறது.

இவ்வளவு பெயர் இருந்தும் இந்த இசையால் குடும்பம் நடத்த முடியவில்லை. கிரேவ்ஸ் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்து, மிருக வைத்திய ஆய்வுகூடம் ஒன்றை நடத்தும் வேலையில் இருந்தார். அந்த வேலைதான் அவருடைய மேளத்தை இன்னொரு திசைக்குத் திருப்பியது. மருத்துவ மாணவர்களுக்காகப் பதிவான இதயத்துடிப்பு இசைத்தட்டு ஒன்று அவர் கையில் கிடைத்தது. சீரான இதயம், சீர்கெட்ட இதயம் என்று பல வகைத் துடிப்புகள். சீர்கெட்டவை என்று குறித்திருந்த சில துடிப்புகளில் கியூபாவின் பாட்டா மேளத்தின் நடைகள் அவருக்குக் கேட்டன. அதோடு அவர் நிம்மதியாக உட்காரவில்லை. இதயம் கடிகாரம் போல ஒரே இடைவெளியில் அடிப்பதே இல்லை; ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் நூலளவு கூடும், குறையும். உயிருள்ள உடம்பு காக்காத நேரத்தை மேளம் மட்டும் ஏன் காக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். தாளக்கட்டை விட்டு வெளியே வந்தது சும்மா கலகத்துக்காக என்று எண்ணியவர்களுக்கு அவர் உடம்பிலிருந்தே எடுத்துக் கொடுத்த பதில் இது.

வீட்டின் கீழ்த்தளத்தை ஆய்வுகூடமாக்கினார். நண்பர்கள், மாணவர்கள், அயலவர்கள் வந்து மார்பைக் காட்டினார்கள். மின்னணு ஸ்டெதஸ்கோப்பில் துடிப்பைப் பதிவு செய்து, கணினியில் அலைகளாக விரித்து, அதற்குள் மறைந்திருக்கும் சுரங்களைப் பிரித்தெடுத்தார். 2000இல் குகன்ஹைம் நிதி கிடைத்தபோது அதையும் பெரும்பாலும் இந்தக் கருவிகளில் போட்டார். கார்லோ வென்துரா என்ற இத்தாலிய இதய ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து ஸ்டெம் செல் பற்றிய ஒரு கண்டுபிடிப்புக்கு அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். துடிப்பைக் கேட்பித்து நோயைக் குணமாக்கும் அவருடைய முயற்சி நிறுவப்பட்ட சிகிச்சைமுறை அல்ல. அதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு மேளக்காரர் தன் காதை நம்பி ஒரு கேள்வியை ஐம்பது வருடம் துரத்தினார் என்பது சிறிய காரியமில்லை.

ஆய்வுகூடம் இருந்த அந்த வீடு பாட்டனார் பாட்டியிடமிருந்து வந்தது. வெளிச்சுவரில் உடைந்த ஓடும் கல்லும் பதித்துச் சித்திரம் செய்தார். தோட்டத்தில் உலகின் பல பக்கத்து மூலிகைகள். அந்தத் தோட்டத்தின் கும்பிடுபூச்சிகளை மணிக்கணக்கில் பார்த்திருந்து, அவற்றின் அசைவுகளையும் ஆபிரிக்க நடனத்தையும் கலந்து யாரா என்ற தற்காப்புக் கலையை உருவாக்கினார். மேளக்காரரின் தோளும் இடுப்பும் எப்படி நிற்க வேண்டும் என்று அதில் பயிற்சி. சிலம்பம் பழகியவர்கள் பறை அடிக்கும்போது காலில் தெரியும் இலகுவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தேடியதும் அதுதான்.

1973இல் பில் டிக்ஸன் அழைப்பில் வெர்மொண்ட் மாநிலத்தின் பெனிங்டன் கல்லூரியில் ஆசிரியரானார். 2012 வரை, முப்பத்தொன்பது வருடம், குவீன்ஸிலிருந்து அங்கே போய் வந்து படிப்பித்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர் பேராசிரியராக ஓய்வு பெற்றார். 1974இல் அன்ட்ரூ சிரில் என்ற மேளக்காரரோடு இரட்டை மேள இசைத்தட்டு. மேளங்களின் உரையாடல் என்பது அதன் பெயர். 1977இல் ஜப்பான் போய் அங்குள்ள சுயாதீனக் கலைஞர்களோடு பதிவு செய்தார். பூட்டோ நடனக் கலைஞர் மின் தனாக்காவோடு பல மேடைகள். ஜப்பானில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பள்ளியில் அவர் வாசித்த காட்சி, மாணவர் ஜேக் மெகின்ஸ்கி எடுத்த ஆவணப்படத்தில் இருக்கிறது. 2018இல் வந்த படம் அது. முதலில் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். மேளம் போகப் போக ஒவ்வொருவராக எழுந்து ஆடுகிறார்கள். கிரேவ்ஸ் பிள்ளைகளைப் பார்த்தபடியே கையை மாற்றிக்கொண்டிருக்கிறார். லத்தீன் நடனக் குழுவில் இளவயதில் பழகிய அதே கண்.

அதே 2018இல் அவருக்கு அமிலொயிட் இதயத்தசை நோய் என்று வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். இதயத்தசை விறைத்துப் போகும் நோய். அதிக காலம் இல்லை என்றார்கள். அவர் ஸ்டெதஸ்கோப்பைத் தன் மார்புக்கே திருப்பி, கடைசிவரை தன் துடிப்பைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். அவர் வரைந்த மேளங்களும் இதய அலைகளும் சிற்பங்களும் பிலடெல்பியா நகரில் கண்காட்சியாக வைக்கப்பட்டன; அது முடிந்து சில வாரங்களில், 2021 பெப்ரவரி 12 அன்று அவர் காலமானார். வயது 79.

இந்த வாழ்க்கையில் எத்தனை பெயர், எத்தனை திகதி இருக்கிறது என்று பாருங்கள். எந்த மாதம் பதிவு, எந்த மேடை, பக்கத்தில் யார், மேளத்தில் எந்தத் தோல் கழற்றப்பட்டது என்பது வரை தெரிகிறது. இனி சிரம்பியடிக்குத் திரும்புங்கள். இரண்டு நூற்றாண்டாக ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகிய றபான் கலைஞர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். அவர்களில் எவருக்கும் கிரேவ்ஸைப் போல ஒரு வாழ்க்கைக் குறிப்பு இல்லை. கலாநிதி ஷிஹான் டி சில்வா ஜயசூரிய இந்தச் சமூகத்தைப் பற்றியும் மஞ்சாவின் மொழியைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ஆய்வுகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் செய்திப் பத்திரிகைகள் இந்த மக்களைத் தேடி வரும்போது, தலைமுடியையும் தோல் நிறத்தையும் பற்றி எழுதிவிட்டு, கடைசிப் பந்தியில் ஆடினார்கள் பாடினார்கள் என்று முடித்துவிடுகின்றன. யார் அடித்தார், யாரிடம் கற்றார், தாய் தகப்பன் காலத்தில் வேகம் எப்படி இருந்தது, றபானுக்கு எந்தத் தோல், போத்தல் எப்போது உள்ளே வந்தது? இவற்றைக் கேட்பவர் அருமை. ஒரு கலைஞரைக் கலைஞராக மதிப்பது என்றால் இந்தக் கேள்விகளைக் கேட்பதுதான். கிரேவ்ஸிடம் நூறு பேர் கேட்டார்கள்; அவர் தானாகவும் எழுதி வைத்தார்.

கிரேவ்ஸ் வாசித்த சுதந்திர ஜாஸும் மஞ்சாவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. மஞ்சாவுக்கு ஆடத்தக்க தாளம் உண்டு, அதை அது கைவிடாது. மூன்று மூன்றாகக் குதிக்கும் அந்த நடையின் உறவுதான் பைலா. பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியான் 1940களில் அதை மேடைக்கு ஏற்றினார், ஏ.ஈ. மனோகரன் குரலில் அது தமிழ்நாட்டுத் திருமண வீடுகள் வரை போயிற்று. நான் சொல்வது வேறு. நேரத்தை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு நியூயோர்க்கில் கிரேவ்ஸ் கண்ட விடையும் சிரம்பியடி றபான் வைத்திருக்கும் விடையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கூட இருப்பவரின் மூச்சும் உடம்புமே அளவு.

இந்தக் கரையில் அந்த விடை மஞ்சாவோடு நிற்கவில்லை. உடப்பில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஒருவர் அடி எடுப்பார், கயிற்றில் நிற்பவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். மடி கனத்தால் பாட்டு இழுபடும், வலை கரையை நெருங்கினால் வேகம் பிடிக்கும். அங்கே தாளத்தை வைத்திருப்பது கடல்தான்.

நம் பக்கத்திலிருந்து ஜாஸுக்குப் போனவர்களும் உண்டு. சென்னையில் பிறந்த ரமேஷ் சோதம் 1970களில் ஹியூமன் பாண்டேஜ் என்ற ரொக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர். பிறகு தவில் கற்று, பெங்களூரின் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியோடு சேர்ந்து, ஜேர்மனியில் குடியேறினார். சார்லி மரியானோ போன்ற பெரிய ஜாஸ் கலைஞர்களோடு தவில், கடம், கஞ்சிரா, ட்ரம்ஸ் எல்லாவற்றையும் ஒரே மேடையில் வைத்து வாசித்தார். கொழும்பில் சுமுதி சுரவீர என்ற ட்ரம்ஸ் கலைஞர் தாழ்நாட்டுச் சடங்கு மேளத்தை நியூசிலாந்தில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்து, ஊர் திரும்பி, பலிச் சடங்கின் பரம்பரைக் கலைஞர்களோடு பலிஃபொனிக்ஸ் என்ற குழுவில் வாசிக்கிறார். சடங்கு மேளக்காரரின் பெயரும் ட்ரம்ஸ் கலைஞரின் பெயரும் அந்தக் குழுவில் சரிசமமாகப் போடப்படுகின்றன. மஞ்சாவுக்கு நான் விரும்புவதும் இந்த மரியாதையைத்தான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். புத்தளம், பாலாவி, கற்பிட்டி, சிலாபம் பக்கத்தில் கலியாண வீட்டிலோ தேவாலயத் திருநாளிலோ எடுத்த பழைய கசெற், வீடியோ நாடா உங்கள் அலுமாரியில் கிடந்தால், மஞ்சா அதில் இருந்தால், தயவுசெய்து வீசாதீர்கள். உப்புக்காற்றில் நாடா சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமில்லாத பெட்டிக்கு மாற்றுங்கள். அதைவிட முக்கியம், அதில் வாசிப்பவர்களை அடையாளம் தெரிந்த பெரியவர் ஒருவர் ஊரில் இருக்கும்போதே அவரிடம் போட்டுக் காட்டி, றபான் யார், டோலக் யார், போத்தல் யார் என்று கேட்டு, வருடத்தோடு உறையில் எழுதுங்கள்.

அடுத்த இதழில் மட்டக்களப்புக்குப் போகிறோம். கஃப்ரிஞ்ஞாவின் வயலின் எங்கே, எப்போது உள்ளே வந்தது என்று பார்ப்போம்.

(தொடரும்)